இரண்டு மீட்டரில் நிறுத்திவைத்த ஃபோகஸ்: சிறிய கேமராவில் சோன் ஃபோகஸ் எப்படி வேலை செய்கிறது, எங்கே சொதப்புகிறது

கழற்ற முடியாத ஒரே லென்ஸோடு வரும் சிறிய டிஜிட்டல் கேமராக்களுக்கு மறுபடி மவுசு வந்திருக்கிறது. 2024 பிப்ரவரியில் ஃபுஜிஃபில்ம் எக்ஸ்100விஐ அறிமுகமானபோது, கேட்டவர்களுக்கெல்லாம் கேமரா கிடைக்கவில்லை. பலர் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். ரிக்கோ ஜிஆர் வரிசையும் பல ஊர்களில் கடைக்கு வந்த வேகத்தில் தீர்ந்துபோனது. செல்போனிலிருந்து நேராக இந்தக் கேமராக்களுக்கு வருகிறவர்களுக்கு வாங்கிய முதல் வாரத்திலேயே ஒரு குழப்பம் வருகிறது. மெனுவில் ‘ஸ்நாப் ஃபோகஸ்’ என்று ஒன்று இருக்கிறது, திரையின் அடியில் மீட்டர் கணக்கில் ஒரு கோடு தெரிகிறது. அனுபவசாலிகளைக் கேட்டால், ‘எஃப் 8, இரண்டு மீட்டர், அவ்வளவுதான்’ என்கிறார்கள். அப்படியே வைத்து எடுத்துப் பார்த்தால் பத்தில் நான்கு படம் மங்கல். லென்ஸில் கோளாறு என்று சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போகிறவர்களும் உண்டு.

பெரும்பாலும் லென்ஸில் ஒரு குறையும் இருக்காது. ‘எஃப் 8, இரண்டு மீட்டர்’ என்ற சூத்திரத்துக்குப் பின்னால் சொல்லாமல் விடப்பட்ட நிபந்தனைகள் சில இருக்கின்றன. அவற்றை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

ஃபோகஸ் என்பது ஒரே ஒரு தூரம்

லென்ஸ் எந்த நேரத்திலும் ஒரே ஒரு தூரத்தைத்தான் மிகச் சரியாகக் கூர்மையாகக் காட்டும். இரண்டு மீட்டரில் நிறுத்தினால், கேமராவுக்கு முன்னால் இரண்டு மீட்டரில் ஒரு பெரிய கண்ணாடித் தகடு நிற்பதாக நினைத்துக்கொள்ளலாம். அந்தத் தகட்டைத் தொடுவதெல்லாம் கூர்மை. தகட்டுக்கு முன்னே வந்தாலும் பின்னே போனாலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூர்மை குறையும்.

‘கொஞ்சம் கொஞ்சமாக’ என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு சுவர் போல, இதுவரை தெளிவு, இதற்கப்புறம் மங்கல் என்று எங்கும் கோடு கிடையாது. ஆனால் அந்த மங்கலைக் கண் ஓரளவுக்குப் பொறுத்துக்கொள்ளும். பொறுத்துக்கொள்ளும் அந்தத் தூர வரம்புக்குத்தான் டெப்த் ஆஃப் ஃபீல்டு என்று பெயர்.

சோன் ஃபோகஸ் என்பது இந்தப் பொறுமையைப் பயன்படுத்திக்கொள்ளும் முறை. படம் எடுக்கும் நொடியில் ஃபோகஸ் செய்வதில்லை. தூரத்தையும் அப்பர்ச்சரையும் (லென்ஸில் ஒளி நுழையும் ஓட்டையின் அளவு; எஃப் 8 என்பதெல்லாம் இதைத்தான்) முன்பே வைத்துவிட்டு, அதனால் கிடைக்கும் வரம்புக்குள் ஆள் வரும்போது அழுத்துவது. ஆட்டோஃபோகஸ் வருவதற்கு முன்னால் சாதாரண கேமராக்கள் பலவும் இப்படித்தான் இயங்கின. 1967-ல் வந்த ஒலிம்பஸ் டிரிப் 35 கேமராவின் லென்ஸ் வளையத்தைப் பார்த்தவர்களுக்கு இது நினைவிருக்கும்: ஒற்றை ஆளின் தலையும் தோளும், இரண்டு பேர், ஒரு கூட்டம், கடைசியில் ஒரு மலை. எண்ணே தெரியாதவரும் வளையத்தைத் திருப்பிப் படம் எடுத்துவிடலாம். அந்த நான்கு சின்னப் படங்களும் நான்கு சோன்கள்.

‘தெளிவு’ என்பதை யார் முடிவு செய்தது?

குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. பலர் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுவதால்தான் பின்னால் எல்லாம் புரியாமல் போகிறது.

ஃபோகஸ் தப்பிய ஒரு புள்ளி, சென்சாரில் ஒரு சிறிய வட்டமாக விழும். வட்டம் போதிய அளவு சிறியதாக இருந்தால் கண்ணுக்கு அது புள்ளியாகவே தெரியும். எவ்வளவு சிறியது? பழைய கணக்கு இது: ஏறக்குறைய 25 செ.மீ. அகலமுள்ள ஒரு பிரிண்டை, 25 செ.மீ. தள்ளி வைத்துப் பார்க்கிறோம். அந்தத் தூரத்தில் 0.2 மி.மீ. அளவுள்ள வட்டத்தைச் சாதாரணக் கண் புள்ளியாகவே எடுத்துக்கொள்ளும். ஜிஆர் 3, எக்ஸ்100 வரிசைகளில் இருக்கும், ஏபிஎஸ்-சி என்ற அளவுள்ள சென்சாரின் அகலம் 23.5 மி.மீ. அதை 25 செ.மீ. ஆக்க, பத்து மடங்குக்குச் சற்று அதிகமாகப் பெரிதாக்க வேண்டும். ஆகவே சென்சாரில் அந்த வட்டம் 0.02 மி.மீ. வரை இருக்கலாம்.

கேமராவில், ஆப்பில், அட்டவணையில் நீங்கள் பார்க்கும் பெரும்பாலான டெப்த் ஆஃப் ஃபீல்டு எண்கள் இந்த 0.02-ஐ நம்பித்தான் நிற்கின்றன.

இப்போது நாம் எப்படிப் படம் பார்க்கிறோம் என்று யோசியுங்கள். கம்ப்யூட்டர் திரையில் திறந்து, நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி, கண்ணிமையைத் தேடுகிறோம். ஜிஆர் 3-இன் 24 மெகாபிக்சல் சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் சுமார் 0.004 மி.மீ. அந்த 0.02 மி.மீ. வட்டம் ஐந்து பிக்சல் அகலத்துக்குப் பரவி நிற்கும். பிரிண்டில் கூர்மையாகத் தெரியும் அதே படம் திரையில் சொதசொதவென்று தெரிவதற்கு இதுதான் காரணம். பழைய அளவுகோலில் எடுத்த படத்தைப் புதிய அளவுகோலால் அளக்கிறோம்.

ஃபுஜிஃபில்ம் இதை நேர்மையாக மெனுவிலேயே வைத்திருக்கிறது. டெப்த் ஆஃப் ஃபீல்டு அளவுகோலுக்கு இரண்டு தேர்வுகள் உண்டு: ஒன்று பிக்சல் அடிப்படை, இன்னொன்று ஃபிலிம் அடிப்படை. முதலாவதில் திரையிலுள்ள பட்டை ஒடுங்கிப்போகும், இரண்டாவதில் விரியும். லென்ஸ் மாறவில்லை, தூரம் மாறவில்லை, நம் கறார்த்தனம்தான் மாறுகிறது. பிரிண்டும் செல்போன் திரையும்தான் உங்கள் படங்களின் முடிவிடம் என்றால், ஃபிலிம் அடிப்படையை வைத்துக்கொள்வதே சரி என்பது என் கருத்து. பிக்சல் அடிப்படையை வைத்துக்கொண்டு சோன் ஃபோகஸ் பழகினால், எந்தச் சோனும் போதாது என்ற எண்ணம்தான் மிஞ்சும்.

வரம்பைக் கூட்டுவதும் குறைப்பதும்

1. அப்பர்ச்சர். எஃப் எண் கூடக் கூட, ஓட்டை சிறியதாகும், மங்கல் வட்டமும் சிறியதாகும், வரம்பு விரியும்.

2. தூரம். கிட்டத்தில் ஃபோகஸ் வைத்தால் வரம்பு ஒடுங்கும். தள்ளி வைத்தால் விரியும். ஒரு மீட்டருக்கும் இரண்டு மீட்டருக்கும் உள்ள வித்தியாசம், எஃப் 5.6-க்கும் எஃப் 8-க்கும் உள்ள வித்தியாசத்தைவிடப் பெரியது. இதைத்தான் புதியவர்கள் குறைத்து எடைபோடுகிறார்கள்.

3. குவியத் தூரம். லென்ஸின் உண்மையான மி.மீ. அளவு. இது இரட்டிப்பானால் வரம்பு பாதியாகாது, அதைவிட மிக அதிகமாகச் சுருங்கும். ஏனென்றால் கணக்கில் இந்த எண் வர்க்கமாக வருகிறது.

மூன்றாவதில் ஒரு சிக்கல். ஜிஆர் 3-ஐ ‘28 மி.மீ. கேமரா’ என்கிறோம். அது முழு ஃபிரேம் சென்சாருக்கு (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ளது) நிகரான பார்வைக் கோணம் மட்டுமே. லென்ஸின் நிஜக் குவியத் தூரம் 18.3 மி.மீ. எக்ஸ்100 வரிசையில் 23 மி.மீ., நிகர் அளவு 35. கணக்கில் போட வேண்டியது நிஜ எண்ணைத்தான். ஆப்பில் 28 என்று போட்டு ஏபிஎஸ்-சி என்றும் தேர்ந்தெடுத்தால் வரும் விடை தப்பு.

செல்போனில் இந்தக் கவலை பெரிதாக இல்லாததற்கும் இதே காரணம்தான். அதன் லென்ஸின் நிஜக் குவியத் தூரம் சில மி.மீ. மட்டுமே. சென்சார் சிறியதாக இருப்பதால் வட்டத்தின் அளவையும் கடுமையாக வைக்க வேண்டியிருக்கிறது. அப்படியும் வரம்பு தானாகவே விரிந்துவிடுகிறது. போனில் பழகிய கை பெரிய சென்சாருக்கு வரும்போது முதலில் இடறுவது இங்கேதான்.

இரண்டு மீட்டரில் உண்மையில் என்ன கிடைக்கிறது

ஜிஆர் 3-இன் 18.3 மி.மீ. லென்ஸ், ஃபோகஸ் இரண்டு மீட்டரில், வட்டம் 0.02 மி.மீ. கணக்கு போட்டால் ஏறக்குறைய இப்படி வருகிறது:

1. எஃப் 2.8: 1.5 மீட்டரிலிருந்து 3 மீட்டர் வரை.
2. எஃப் 4: 1.35-லிருந்து 3.8 வரை.
3. எஃப் 5.6: 1.2-லிருந்து 6 வரை.
4. எஃப் 8: 1 மீட்டரிலிருந்து தெருக்கோடி வரை, கணக்கில் 35 மீட்டரைத் தாண்டுகிறது.

நான்காவது வரிதான் அந்தப் பிரபலமான சூத்திரம் பிறந்த இடம். 28 மி.மீ. நிகர் லென்ஸுக்கு அது பொருந்துகிறது. அதையே எக்ஸ்100-க்கு எடுத்துப் போனால் என்ன ஆகும்? 23 மி.மீ., எஃப் 8, இரண்டு மீட்டர்: 1.25-லிருந்து 5 மீட்டர் வரைதான். 2021-ல் வந்த ஜிஆர் 3எக்ஸ்-இல் லென்ஸ் 26.1 மி.மீ.; அதில் 1.35-லிருந்து 3.7 வரைதான். பெயரிலும் தோற்றத்திலும் ஒன்றுபோல இருக்கும் இரண்டு ஜிஆர் கேமராக்களில் ஒரே செட்டிங், ஒன்றில் தெருக்கோடி வரை போகிறது, இன்னொன்றில் நான்கு மீட்டரை எட்டவில்லை. ஒருவர் சொன்ன எண்ணை இன்னொருவர் தன் கேமராவில் அப்படியே வைப்பதில் உள்ள ஆபத்து இது.

இப்போது கறார்த்தனத்தைக் கூட்டிப் பார்ப்போம். அதே ஜிஆர் 3, அதே எஃப் 8, அதே இரண்டு மீட்டர். ஆனால் மங்கல் இரண்டு பிக்சலைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொண்டால் 1.45-லிருந்து 3.2 மீட்டர் வரைதான் மிஞ்சுகிறது. 35 மீட்டர் எங்கே, 3.2 மீட்டர் எங்கே. இரண்டு எண்களும் சரி. முன்னது பார்க்கத் தகுந்த படம் எவ்வளவு தூரம் கிடைக்கும் என்று சொல்கிறது. பின்னது பெரிதாக்கிப் பார்த்தாலும் தாங்கும் பகுதி எது என்று சொல்கிறது. முக்கியமான முகம் இரண்டாவது வரம்புக்குள் இருக்க வேண்டும், பின்னணி முதல் வரம்புக்குள் இருந்தால் போதும். இந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டால் சோன் ஃபோகஸில் பாதி வேலை முடிந்தது.

எஃப் 8 இவ்வளவு தருகிறதென்றால் எஃப் 16-க்குப் போனால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றலாம். ஓட்டை மிகவும் சிறியதானால் ஒளி அதன் விளிம்பில் சிதறும். எஃப் 16-இல் அந்தச் சிதறல் மட்டுமே 0.02 மி.மீ.-ஐத் தாண்டிவிடுகிறது. ஃபோகஸில் கிடைத்த லாபம் இதில் கரைந்துபோகும். எஃப் 11-ஐத் தாண்டத் தேவையில்லை.

ஹைப்பர்ஃபோகல்: நல்ல கணக்கு, தவறான இடம்

ஒரு குறிப்பிட்ட தூரத்தில் ஃபோகஸ் வைத்தால், அதில் பாதியிலிருந்து முடிவிலி வரை எல்லாம் பொறுத்துக்கொள்ளும் வரம்புக்குள் வந்துவிடும். அந்தத் தூரத்துக்கு ஹைப்பர்ஃபோகல் என்று பெயர். ஜிஆர் 3-இல் எஃப் 8-க்கு அது 2.1 மீட்டர், எஃப் 5.6-க்கு 3 மீட்டர், எஃப் 2.8-க்கு 6 மீட்டர்.

எல்லாமே தெளிவாக வரும் என்றால் எப்போதும் இதையே வைத்துவிடலாமே? எஃப் 5.6-இல் 3 மீட்டரில் வைத்துவிட்டு, 1.6 மீட்டரில் நிற்பவரை எடுக்கிறீர்கள். கணக்குப்படி அவர் வரம்புக்குள்தான் இருக்கிறார். ஆனால் வரம்பின் விளிம்பில். அவருக்குப் பின்னால், கேமராவிலிருந்து மூன்று மீட்டரில் இருக்கும் சுவரொட்டி அவரைவிடக் கூர்மையாக விழும். பார்ப்பவரின் கண் முதலில் கூர்மையான இடத்துக்குத்தான் போகும். முகம் ஒருவிதச் சோர்வோடு, சுவரொட்டி பளிச்சென்று. ஏன் படம் சரியில்லை என்று சொல்லத் தெரியாது, ஆனால் சரியில்லை.

இயற்கைக் காட்சிக்கு ஹைப்பர்ஃபோகல் அருமையான உத்தி. மனிதர்களை எடுக்கும்போது ஆள் நிற்கும் தூரத்தில் ஃபோகஸை வையுங்கள். பின்னணி எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவு.

ஒவ்வொரு கேமராவும் இதை எப்படித் தருகிறது

ரிக்கோவில் இது பழைய பழக்கம்; தொடக்கத்தில் சொன்ன ‘ஸ்நாப் ஃபோகஸ்’ இதுதான். 1996-இல் வந்த ஜிஆர்1 ஃபிலிம் கேமராவிலேயே ஃபோகஸை இரண்டு மீட்டரில் நிறுத்திவைக்கும் ஸ்நாப் முறை இருந்தது. டோக்கியோ தெருக்களை எடுத்த டைடோ மொரியாமா இந்த வரிசையின் சிறிய கேமராக்களைக் கையில் வைத்துச் சுற்றியவர். அவருடைய படங்களில் மங்கலும் கரடுமுரடும் ஒரு மொழியாகவே இருந்தன. டிஜிட்டல் ஜிஆர்-களில் 1, 1.5, 2, 2.5, 5 மீட்டர், முடிவிலி எனத் தூரத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

இதோடு ‘ஃபுல் பிரஸ் ஸ்நாப்’ என்று ஒரு வசதி உண்டு. பட்டனைப் பாதி அழுத்தினால் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யும். நிறுத்தாமல் ஒரே அழுத்தாக முழுவதும் அழுத்தினால், ஆட்டோஃபோகஸை விட்டுவிட்டு ஸ்நாப் தூரத்துக்குப் போய் எடுத்துவிடும். அற்புதமான யோசனை, ஆனால் தெரியாதவருக்குப் பொறி. இது ஆன் ஆகியிருக்க, மேசைக்கு எதிரே 70 செ.மீ. தள்ளி உட்கார்ந்திருக்கும் நண்பரை அவசரமாக அழுத்தினால், கேமரா கேள்வி கேட்காமல், ஸ்நாப் தூரமாக வைத்திருந்த இரண்டரை மீட்டருக்குப் போகும். நண்பர் மங்கல், சுவர்க் கடிகாரம் தெளிவு. ‘ஆட்டோஃபோகஸ் வேலை செய்யவில்லை’ என்ற புகார்களில் கணிசமானவை இப்படிப் பிறந்தவையாகத்தான் இருக்கும். முதலில் இந்த மெனுவைப் பாருங்கள்.

எக்ஸ்100 வரிசையில் மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றினால் திரையில் தூர அளவுகோலும் அதன்மேல் வரம்பைக் காட்டும் பட்டையும் வரும். லென்ஸ் வளையம் மின்னணு முறையில் இயங்குவதால், எண்ணெல்லாம் திரையில்தான். வளையத்தில் எதுவும் பொறித்திருக்காது. நடக்கும்போது கை பட்டு வளையம் நகர்ந்துவிட்டால் தெரியவே தெரியாது. ஒரு தெரு தாண்டியதும் திரையைப் பார்த்துத் தூரத்தைச் சரிபார்த்துக்கொள்ளும் வழக்கம் வேண்டும்.

2015-லிருந்து வரும் லைக்கா க்யூ வரிசையில் லென்ஸின் மேலேயே தூரமும் வரம்புக் கோடுகளும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. கேமராவை ஆன் செய்யாமலே, இடுப்பில் தொங்கும்போதே ஃபோகஸ் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். விலையைப் பற்றிப் பேசாமல் விட்டால், சோன் ஃபோகஸுக்கு இதைவிட வசதியான அமைப்பு இந்த வகைக் கேமராக்களில் இல்லை.

தூரத்தைக் கண்ணால் அளப்பது

வரம்பு எவ்வளவு விரிந்தாலும், இரண்டு மீட்டர் எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் பயனில்லை. டேப் எடுத்து அளக்க முடியாது. ஆனால் உங்கள் கேமராவே ஓர் அளவுகோல்தான்.

ஜிஆர் 3-ஐக் கிடைமட்டமாகப் பிடித்தால், இரண்டு மீட்டர் தூரத்தில் படச்சட்டத்தின் உயரம் 1.7 மீட்டர். அதாவது சராசரி உயரமுள்ள ஒருவர் தலை முதல் கால் வரை சட்டத்துக்குள் நெருக்கிப் பொருந்தினால், அவர் இரண்டு மீட்டரில் இருக்கிறார். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெட்டுப்பட்டால் ஒன்றரை மீட்டர். இடுப்போடு நின்றால் ஒரு மீட்டர். எக்ஸ்100-இல் தலை முதல் கால் வரை பொருந்தும் தூரம் இரண்டரை மீட்டர். இரண்டு மூன்று நாள் இதைக் கவனித்தால் போதும், அப்புறம் திரையைப் பார்க்காமலே தூரம் பிடிபடும்.

வீட்டிலும் பழகலாம். இப்போதைய வீடுகளில் பெரும்பாலும் இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ்தான். ஒரு டைல் 60 செ.மீ. சுவரில் ஒரு நாட்காட்டியை மாட்டி, ஐந்து டைல் தள்ளி நின்றால் 3 மீட்டர், இரண்டரை டைலில் ஒன்றரை மீட்டர். ஸ்நாப் தூரத்தை ஒன்றரையில் வைத்து, ஒவ்வொரு டைலாகப் பின்னால் நகர்ந்து எடுத்து, நாட்காட்டியின் சின்ன எழுத்துகளில் ராகு காலம் எந்தப் படம் வரை வாசிக்க முடிகிறது என்று பாருங்கள். அட்டவணை சொல்லும் வரம்பைவிட இதுதான் உங்களுடைய வரம்பு.

ஒரே தூரத்தில் நிலைத்திருப்பதும் முக்கியம். இரண்டு மீட்டர் என்று முடிவு செய்தால் அன்று முழுக்க இரண்டு மீட்டர். லென்ஸுக்குப் பதில் கால்கள் ஃபோகஸ் செய்யும். நிமிடத்துக்கொரு தூரம் மாற்றுகிறவருக்கு ஆட்டோஃபோகஸே நல்லது.

மங்கலின் உண்மையான குற்றவாளி

சோன் ஃபோகஸ் பலிக்கவில்லை என்று கொண்டுவரப்படும் படங்களை உற்றுப் பார்த்தால், நிறையப் படங்களில் ஃபோகஸ் சரியாகவே இருக்கும். தரையும் பெட்டிக்கடைத் தூணும் கூர்மை, நடக்கும் மனிதர் மட்டும் இழுபட்டிருப்பார். அது ஃபோகஸ் பிழை கிடையாது. ஷட்டர் வேகம் போதவில்லை.

கணக்கு இதோ. சாதாரணமாக நடப்பவர் நொடிக்கு 1.4 மீட்டர் போகிறார். இரண்டு மீட்டர் தூரத்தில் குறுக்கே நடக்கும் அவரை 1/125 நொடியில் எடுத்தால், அதற்குள் அவர் 11 மி.மீ. நகர்ந்துவிடுவார். ஜிஆர் 3-இன் சென்சாரில் அது 0.1 மி.மீ. நாம் பொறுத்துக்கொள்ளலாம் என்று ஒத்துக்கொண்ட 0.02 மி.மீ.-ஐப் போல ஐந்து மடங்கு. 1/500-இல் அது 0.025 ஆகிறது, ஏறக்குறைய எல்லைக்கு வந்துவிடுகிறது. 1/1000-இல் நிம்மதி. எஃப் 8 வைத்து மீட்டர் மீட்டராகச் சேர்த்த வரம்பை, மெதுவான ஷட்டர் ஒரே நொடியில் அழித்துவிடும்.

ஆகவே வரிசை இப்படி இருக்க வேண்டும்: முதலில் தூரம், அடுத்து ஷட்டர் 1/500, அதற்குப் பிறகு அப்பர்ச்சர், மிச்சமிருக்கும் வேலையை ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) பார்த்துக்கொள்ளட்டும். பலரும் எஃப் 8-இல் தொடங்கி ஷட்டரைக் கேமராவிடம் விட்டுவிடுகிறார்கள். வெயிலில் தப்பித்துக்கொள்வார்கள், நிழலுக்கு வந்ததும் கேமரா சத்தமில்லாமல் 1/60-க்கு இறங்கிவிடும். ஆட்டோ ஐஎஸ்ஓ மெனுவில் குறைந்தபட்ச ஷட்டர் வேகம் என்று இருப்பதை 1/500 ஆக்கிவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். தார்ப்பாய் நிழலில் ஒரு பூக்கடை. பூ கட்டுபவர் பலகைமேல் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார். வாழைநாரை இடது கைக் கட்டைவிரலில் அழுத்திப் பிடித்து, வலது கை நான்கு மல்லிகையை எடுத்து வைத்து, நாரை ஒரு சுற்றுச் சுற்றி இழுக்கிறது. கண் தொடரமுடியாத வேகம். கேமராவிலிருந்து அவர் கைகள் ஒன்றரை மீட்டர், முகம் 1.8, பின்னால் தொங்கும் மாலைகள் மூன்று மீட்டர். ஆட்டோஃபோகஸ் எதைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் தராசுத் தட்டைக்கூடப் பிடிக்கலாம். ஒன்றரை மீட்டரில் ஃபோகஸ், எஃப் 8: வரம்பு 0.9-லிருந்து 5 மீட்டர் வரை. கைகள் மிகக் கூர்மை, முகமும் மாலைகளும் வரம்புக்குள். ஷட்டர் 1/500, அந்த நிழலுக்கு ஐஎஸ்ஓ சுமார் 1600. வாழைநாரின் இழை தெரியும். விரலில் இன்னும் லேசான அசைவு இருக்கலாம். அது வேலையின் வேகத்தைக் காட்டும் அசைவு, இருக்கட்டும்.

இருட்டினால் என்ன செய்வது

உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 400-க்கு எஃப் 8, 1/1600 கிடைக்கும். கவலையே இல்லை. டியூப்லைட் வெளிச்சமுள்ள கடைத்தெருவில் அதே எஃப் 8-ஐயும் 1/500-ஐயும் பிடித்துக்கொண்டால் ஐஎஸ்ஓ முப்பதாயிரத்தைத் தாண்டிப் போகும். அங்கே விட்டுக்கொடுக்க வேண்டும்: எஃப் 4, 1/250, ஐஎஸ்ஓ 6400-க்குள். வரம்பு 1.35-லிருந்து 3.8 மீட்டர் என்று சுருங்கும், ஆனால் இரண்டு மீட்டரில் நிற்பவருக்கு இது தாராளம். எதிரே ஒருவர் உங்களை நோக்கி நடந்து வரும்போது, குறுக்கே நடப்பதைவிட இழுபடுவது குறைவு என்பதும் கைகொடுக்கும்.

சிறிய ஃபிளாஷ் இருந்தால் சோன் ஃபோகஸ் இன்னும் எளிது. ஃபிளாஷ் வெளிச்சம் தூரத்தைப் பொறுத்தது; தூரத்தையோ நாம் முன்பே முடிவு செய்துவிட்டோம். ஃபிளாஷின் பலத்தைச் சொல்லும் கைட் எண் என்பது மீட்டர் தூரத்தையும் எஃப் எண்ணையும் பெருக்கினால் வருவது. ஐஎஸ்ஓ 100-இல் கைட் எண் 16 உள்ள ஃபிளாஷ் என்றால், இரண்டு மீட்டருக்கு எஃப் 8. மேனுவலில் வைத்துவிட்டால் ஃபோகஸும் வெளிச்சமும் ஒரே தூரத்தில் பூட்டிக்கொள்ளும்.

எப்போது இதை விட்டுவிட வேண்டும்

1. ஆள் ஒரு மீட்டருக்குள் வந்துவிட்டால். ஜிஆர் 3-இல் ஒரு மீட்டரில் எஃப் 5.6-க்கு 75 செ.மீ.-லிருந்து ஒன்றரை மீட்டர் வரை கிடைக்கும். எஃப் 2.8 என்றால் 86 செ.மீ.-லிருந்து 1.2 மீட்டர், ஒருவர் லேசாக முன்னே சாய்ந்தாலே போய்விடும்.

2. எக்ஸ்100-இல் எஃப் 2 வைத்துப் பின்னணியைக் கரைக்க விரும்பினால். இரண்டு மீட்டரில் வரம்பு மொத்தமே 60 செ.மீ. முக அடையாளம் காணும் ஆட்டோஃபோகஸ் இதை நம்மைவிட நன்றாகச் செய்யும்.

3. எதிரே இருப்பவர் அசையாமல் நிற்கிறார், உங்களுக்கும் அவசரமில்லை என்றால். அங்கே சோன் ஃபோகஸ் வைப்பதில் எந்த லாபமும் இல்லை.

இப்போதைய ஆட்டோஃபோகஸ் பத்தாண்டுக்கு முன்பு இருந்ததைவிட எவ்வளவோ வேகம். இருந்தும் அது இரண்டு வேலைகளைச் செய்தாக வேண்டும்: எதை ஃபோகஸ் செய்வது என்று தேர்ந்தெடுப்பது, பிறகு அங்கே போவது. இதற்குக் கால் நொடி ஆனாலும், நம்மை நோக்கி நடந்து வருபவர் அதற்குள் 35 செ.மீ. வந்துவிடுகிறார். சோன் ஃபோகஸில் இரண்டு வேலையும் தெருவுக்குள் நுழையும் முன்பே முடிந்துவிட்டன. டீக்கடை வாசலில் கண்ணாடி டம்ளரை ஒருவர் உயர்த்திப் பிடித்து ஆற்றுகிறார், பால் நூலாக இறங்குகிறது, ஆவி முகத்தை மறைக்கும் முன் ஒரு நொடிதான் இருக்கிறது. தலை முதல் கால் வரை சட்டத்துக்குள் சரியாகப் பொருந்துகிறாரா? அப்படியானால் அவர் இரண்டு மீட்டரில் இருக்கிறார். அழுத்தலாம்.